கத்துக்குட்டியின் சந்தேகங்கள்

ஆகஸ்ட் 11, திங்கள்

குக்கர் அடங்குவதற்குள் ஒருவருக்குப் பதில் எழுதி முடித்துவிட்டேன். இப்போது கை அதற்குப் பழகிவிட்டது. பைத்தான் என்ற நிரல்மொழியைப் புதிதாகக் கற்கிறவர்கள் தமிழில் சந்தேகம் கேட்கும் இணையக் குழு அது. மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை என் முறை, காலையில் ஒசூரிலிருந்து இர்ஃபான். இரண்டு பேரும் ‘உதவி’ என்ற ஒரே பெயரில்தான் எழுதுகிறோம். பதில் சொன்னது சாருமதியா இர்ஃபானா என்று கேட்டவருக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. சென்னையில் ஒன்பது வருடம் மென்பொருள் வேலை பார்த்தவள் என்றோ, பிறகு விட்டுவிட்டவள் என்றோ அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்று புதிதாக ஒருவர் வந்தார். பெயர் ‘கத்துக்குட்டி’.

“வணக்கம் மேடம் அல்லது சார். 412ஐயும் 388ஐயும் கூட்டச் சொன்னால் 412388 என்று வருகிறது. இதற்குக் கூட்டவே தெரியாதா?”

சிரித்துவிட்டேன். கீபோர்டில் நாம் அடிப்பதை எல்லாம் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். இது எண் என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைப்பதுபோல ஒட்டி வைத்துவிடும். ‘பதறாதீங்க, முதல் வாரத்தில் எல்லாருக்கும் வருவதுதான்’ என்று தொடங்கி, எப்படிச் சொல்வது என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து “800 வந்துவிட்டது!!” என்று இரண்டு ஆச்சரியக்குறிகளுடன் பதில் வந்தது.

வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்ததும் மாடிக்குப் போய்விட்டார். “கணக்கு பாக்கணும், கூப்பிடாத” என்றார். வேடசந்தூர் ரோட்டில் இந்த மில்லில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்பார்கள், சரியாக வந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் இல்லை. பழைய மில்லை மூடிய பிறகு வீட்டில் இருந்த எட்டு மாதத்தைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. அந்த மாதங்கள் திரும்பி வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் லேப்டாப் திரையை போனில் படம் பிடித்துத்தான் அனுப்புவார்கள். கத்துக்குட்டியும் அதையேதான் செய்தார். திரை சாய்ந்திருந்தது, பாதி எழுத்து வெளிச்சத்தில் மறைந்திருந்தது. குழுவில் நான் போட்டிருந்த வரிகளை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, அங்கிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். வாட்ஸ்அப் முதல் வரிக்கு முன்னால் இருந்த இடைவெளியை முழுங்கிவிடும், மற்ற வரிகளுக்கு விட்டுவிடும். பைத்தானுக்கோ அந்த இடைவெளிதான் உயிர். எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது.

“ஒரு வெற்றிடத்துக்கு இவ்வளவு கோபமா மேடம்?” என்று கேட்டார்.

‘மேடம்’ என்று எப்படி முடிவு செய்தார் என்று தெரியவில்லை.

படத்தில் திரையின் மேல் ஒரு ஜன்னலின் பிம்பம் தெரிந்தது. மயில் வடிவத்தில் கம்பி, கொண்டையில் ஒன்று உடைந்திருந்தது. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் மயில் கம்பி நிறைய உண்டு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. மழை. மாடி ஜன்னலைத் துடைத்தேன். பழைய மயில் கம்பிகள் கொண்டையில்தான் உடையும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாப்பிடும்போது கேட்டேன், “மில்லு எப்படிப் போகுது?”

“மில்லு எங்க போகும்? அங்கனதான் இருக்கு.”

“கேட்டா நேரா பதில் சொல்லணும்.”

“நீ கேட்டா விசாரணை மாதிரில இருக்கு. ரசம் ஊத்து.”

ஊற்றினேன். உப்பு குறைவு என்றார். தானே போட்டுக்கொள்ளலாமே என்றேன். மாடிக்குப் போய்விட்டார்.

ஏழரை மணிக்கு கத்துக்குட்டி வந்தார். “மேடம், தங்களுக்கு நேரம் இருந்தால் ஒரு சந்தேகம்” என்றார். தங்களுக்கு! நானும் “சொல்லுங்க சார்” என்று எழுதினேன்.

சிஎஸ்வி என்பது எக்செல் தாளை எளிய எழுத்தாகச் சேமிக்கிற ஒரு வகை. அதைப் படிக்க பைத்தானிலேயே அதே பெயரில் ஒரு துணை நிரல் உண்டு. இவர் தான் எழுதிய ஃபைலுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பைத்தான் அதைத் தேடிப்போய், பக்கத்தில் இருந்த இவருடைய ஃபைலையே திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கைவிரித்துவிட்டது. எனக்கும் என் முதல் வேலையில் இது வந்தது. அரை நாள் போயிற்று, யாரிடமும் கேட்கவில்லை.

பதிலை நான் சொல்லவில்லை. ‘உங்கள் ஃபைலின் பெயர் என்ன?’ என்று மட்டும் கேட்டேன். பிறகு வந்தது: “அய்யய்யோ. நானே என் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டேன் மேடம்.”

இதை விடத் தெளிவாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று கேள்வி கேட்காமல் விஷயத்தைச் சொன்னார்.

அவர் ஒரு நூற்பு ஆலையில் சேர்ந்திருக்கிறார். மூன்று ஷிஃப்டிலும் ஒவ்வொரு இயந்திரத்திலும் எத்தனை கிலோ நூல் வந்தது என்று மேற்பார்வையாளர்கள் எக்செல்லில் போடுவார்கள். அதையெல்லாம் சேர்த்து காலையில் ஒரே அறிக்கையாகக் கொடுக்கும் நிரலை முன்பு இருந்த ஒரு பையன் எழுதிவைத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். இப்போது அது அடிக்கடி நின்றுவிடுகிறது. அறிக்கை இவர் பொறுப்பு. நூலைத் தொட்டே தரம் சொல்லிவிடுவார், ஆனால் இதில் ஒரு வரி புரிவதில்லை. முதலாளியின் மகன் நேற்று எல்லார் முன்னாலும், “சார், உங்களுக்கு இது செட் ஆகலைன்னா சொல்லிருங்க, தப்பில்ல” என்றானாம். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் சொன்னான், அதனால்தான் அதிகம் வலித்தது என்று எழுதியிருந்தார். வருகிற 22ஆம் தேதி அவன் முன்னால் உட்கார்ந்து நிரலை ஓட்டி, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று விளக்க வேண்டுமாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு.

நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ‘வீட்டில் கணினி தெரிந்தவர்கள் யாரும் இல்லையா சார்?’

“இருக்கிறார்கள் மேடம். ரொம்ப நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் நான் தேடிக்கொண்டிருக்கும்போதே மவுஸைப் பிடுங்கிவிடுவார்கள். இதுகூடவா தெரியாது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். மூச்சு விடுகிற விதத்தில் தெரியும்.”

சில வீடுகளில் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

தலைவலி. மாலை முறையையும் இர்ஃபானையே பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இர்ஃபான் போன் செய்தான். “அக்கா, உங்க கத்துக்குட்டி நேத்து எட்டிக்கூடப் பாக்கல. உங்க டைமுக்குன்னே வர்றாரு போல.”

தற்செயலாக இருக்கும் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

மதியம் கேஸ் சிலிண்டர் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே உருட்டினோம். “இந்தப் பக்கம் பிடிங்க, கால்ல போட்டுக்கப் போறீங்க” என்றேன். “முப்பது வருஷமா மெஷினோட கெடந்தவன்டி நான், சிலிண்டர் உருட்டத் தெரியாதா?” என்றார். தெரியும். வாயை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

மாலையில் கத்துக்குட்டிக்கு ஒரு விசித்திரமான எரர். எரர்கூட இல்லை. தப்பு என்று பைத்தான் சொல்லவே இல்லை, ஆனால் விடை தப்பு. ஓடாத இயந்திரங்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி. அடுத்தடுத்து இரண்டு இயந்திரம் ஓடாமல் இருந்தால் ஒன்று மட்டும் நீங்குகிறது, அடுத்தது தப்பித்துவிடுகிறது. பட்டியல் வழியாகப் போய்க்கொண்டே அதிலிருந்து எடுக்கவும் செய்தால் இதுதான் நடக்கும். ஒருவரை எழுப்பியதும் வரிசையில் எல்லாரும் ஒரு நாற்காலி முன்னால் நகர்ந்துவிடுகிறார்கள். நாம் அடுத்த நாற்காலிக்குத் தாவுகிறோம், நகர்ந்து வந்தவர் நம் கண்ணில் படுவதே இல்லை.

நான் கேள்விகளாகவே கேட்டேன், அவர் ஒவ்வொரு சுற்றையும் எழுதிப் பார்த்தார். ஒரு மணி நேரம் பிடித்தது. இடையில் காபி கொண்டுபோக வேண்டியிருந்தது. படியில் ஏறும்போது இரண்டு முறை நன்றாக இருமினேன். நான் உள்ளே போகும்போது லேப்டாப் மூடியிருந்தது. தினத்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அது முந்தாநாள் தாள்.

“என்ன, தொண்டை கட்டிருச்சா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன்.

செப்டம்பர் 13, சனி

கத்துக்குட்டி அந்தப் பழைய நிரல் முழுவதையும் குழுவில் அனுப்பினார். பார்க்கச் சகிக்கவில்லை. எழுதிய பையன் எல்லா மாறிக்கும் ஏ, பி, சி என்று பெயர் வைத்திருக்கிறான்.

உட்கார்ந்து முழுவதையும் புதிதாக எழுதிவிட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதினேன். வயிற்றில் பசி இருந்தது, எழுந்துபோகத் தோன்றவில்லை. சுத்தமாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அனுப்புவதற்கு முன் இர்ஃபானுக்குக் காட்டினேன்.

“செமையா இருக்குக்கா. அனுப்பிருங்க. அந்த மனுசனை எத்தனை நாள் கேள்வி கேட்டே சாகடிப்பீங்க?”

“அனுப்புனா அப்புறம்?”

“அப்புறம் என்ன, வேலை முடிஞ்சுது.”

“22ஆம் தேதி அவரு அதை விளக்கணும் இர்ஃபான். நான் எழுதுனதை வச்சு அவரு என்னத்தை விளக்குவாரு?”

“அப்ப அனுப்பாதீங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. இந்த ஆளு உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

எழுதியதை அழித்தேன். கத்துக்குட்டிக்கு, ‘முதலில் ஏ, பி, சி என்ற பெயர்களை எல்லாம் உங்களுக்குப் புரிகிற பெயராக மாற்றுங்கள். மாற்ற மாற்ற நிரல் தானே பேசத் தொடங்கும்’ என்று மட்டும் எழுதினேன். அவர் கண்டுபிடிக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மறுபடி அந்த எட்டு மாதத்துச் சாய்வு நாற்காலி, மறுபடி பகலெல்லாம் மூடிய ஜன்னல். தெரிந்தும் அழித்தேன். சரியா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இயந்திரம், ஷிஃப்ட், கிலோ, மொத்தம் என்று பெயர் மாற்றி அனுப்பியிருக்கிறார். இரண்டு இடத்தில் தேவையில்லாத வரிகளைத் தானே கண்டுபிடித்து எடுத்திருக்கிறார். சரியாக எடுத்திருக்கிறார்.

இரவுச் சாப்பாட்டில் பாட்டு முணுமுணுத்தார். என்ன பாட்டு என்று கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் சட்டையை இரண்டு முறை மாற்றினார். “எதுக்கு இன்னைக்கு இவ்வளவு அலங்காரம்?” என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். “ஆடிட்டு” என்றார். நெற்றியில் திருநீறு கொஞ்சம் அதிகமாக இருந்தது. துடைத்துவிட்டேன். நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டில் இருக்க முடியவில்லை. காய்ந்த மிளகாயையும் மல்லியையும் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனேன். வரிசையில் என் முறை வரும் நேரத்தில் போன் அடித்தது.

“சாரு, எங்க இருக்க? ஒரே சத்தமா இருக்கு.”

“மில்லுல.”

“நானும் மில்லுலதான் இருக்கேன்.” இரண்டு பக்கமும் இயந்திரச் சத்தம். “சாரு... நான் கத்துக்குட்டி பேசுறேன்.”

“தெரியும். சொல்லுங்க. கடைசி வரியில என்ன போட்டிருக்கு?”

“வேல்யூ எரர்னு போட்டிருக்கு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. சின்ன முதலாளி டீ குடிக்கப் போயிருக்காரு. வந்துருவாரு. குழுவுல போட்டா அந்தக் காலை ஆளு எப்ப பாப்பாரோ...”

“பதறாதீங்க. கிலோவை எண்ணா மாத்துற எடத்துல நின்னிருக்கா?”

“ஆமா, அங்கனதான்.”

எந்த வரி என்று நானே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மிளகாய் நெடியில் தும்மல்தான் வந்தது. தும்மி முடித்துவிட்டு, “எந்த மெஷின் வரைக்கும் போயி நின்னுச்சுன்னு எப்படிப் பாப்பீங்க?” என்று கேட்டேன்.

“மாத்துறதுக்கு முன்னாடி மெஷின் பேரை பிரிண்ட் போட்டுத் திரையில பாக்கணும்.” விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, மெதுவாக. மாவு மில்காரர் என் மிளகாயைக் கொட்டட்டுமா என்று சைகையில் கேட்டார். இருங்க என்று கை காட்டினேன். பின்னால் நின்ற அம்மாள், “வீட்டுக்காரரா? அப்பறம் பேசுனா குறைஞ்சா போயிருவாரு?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். எதற்கு ஆமாம் என்று எனக்கே தெரியவில்லை.

“அடப்பாவி!” என்று போனில் சத்தம் கேட்டது. “மூணாம் ஷிஃப்ட் செல்லையா! கிலோ போடுற கட்டத்துல ‘கரண்ட் இல்லை’ன்னு தமிழ்ல எழுதி வச்சிருக்கான்!”

“சரி. எண் இல்லைன்னா அந்த எடத்துல சைபர்னு எடுத்துக்கச் சொல்லிருங்க. ஒரே வரிதான்.”

“சைபர் போடக்கூடாது.”

“ஏன்?”

“சைபர்னா மெஷின் ஓடுச்சு, நூலு வரலைன்னு அர்த்தம். பழுதுன்னு ஆயிரும், ஓட்டுன பொண்ணு மேல தப்பு வரும். கரண்ட் இல்லாதது வேற, சாரு. அதைக் கணக்குலயே சேக்கக்கூடாது. தனியா காட்டணும்.”

அவர் சொன்னதுதான் சரி. ஒன்பது வருடம் சம்பளத்துக்கு நிரல் எழுதிய நான் அங்கே சைபர்தான் போட்டிருப்பேன்.

“அப்ப தனிப் பட்டியல் ஒண்ணு வச்சு அதுல போடுங்க” என்றேன். “உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றார். போனை வைத்துவிட்டார்.

மாலை ஆறரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கினார். நின்றுகொண்டே பேசினார். சின்னவர் ஒவ்வொரு பகுதியாகக் கேட்டாராம். இவர் சொல்லிக்கொண்டே போனாராம். ஒரு இடத்தில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னாராம். கரண்ட் இல்லாத இயந்திரங்களைத் தனியாகக் காட்டிய இடத்தில் சின்னவர் நிறுத்தி, “இது முன்னாடி இல்லையே, யார் சேத்தது?” என்று கேட்டாராம்.

“என்ன சொன்னீங்க?”

“நான்தான்னேன். பொய்யா?”

“இல்லையே.”

மாடிக்குப் போகாமல் சமையலறையிலேயே உட்கார்ந்தார். நான் கேட்டேன், “நான்னு எப்பத் தெரியும்?”

“ரெண்டாம் நாளே. பதறாதீங்கன்னு வேற எவ எழுதுவா? அப்பறம் நான் மேல கேள்வி அனுப்புனதும் கீழ மிக்ஸி நின்னுரும். உனக்கு எப்பத் தெரியும்?”

“முதல் படத்துலயே. ஜன்னல்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல?”

தட்டில் இருந்த வெங்காயத் தோலை நகர்த்திக்கொண்டே சொன்னார், “அங்கன நீ ‘சொல்லுங்க சார்’னு கேட்ட. நல்லா இருந்துச்சு. கெடுத்துக்க வேணாம்னு இருந்துட்டேன்.”

“அந்த மவுஸைப் பிடுங்குற பொம்பளை யாரு?”

“அது வேற வீடு” என்றார்.

இரண்டாம் நாளே தெரியும் என்றால் அந்த மவுஸ் வரியை அவர் எனக்கே எழுதியிருக்கிறார். நான் படிப்பேன் என்று தெரிந்தே.

செப்டம்பர் 27, சனி

மில் வாசலில் ஒரு பலகை உண்டாம். எந்தப் பிரிவுக்கு யார் பொறுப்பு என்று இருக்கும். இவர் பெயர் இதுவரை சாக்பீஸில் இருந்தது. நேற்று பெயின்ட்டில் எழுதிவிட்டார்கள். இதை அவர் சொன்னது கடையில் தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. தேங்காயைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜைக்கு மில்லில் குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லா இயந்திரத்துக்கும் வாழைக்கன்று, மாலை. ஓடாத மில் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அலுவலக அறையில் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மூடிய மூடி மேல் பூ வைத்திருந்தார்கள்.

அவர் என்னைச் சின்னவரிடம் அழைத்துப்போனார். “என் வீட்டுக்காரங்க சாருமதி. கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. எனக்குச் சொல்லிக்குடுத்தது இவங்கதான்” என்றார். அவ்வளவு பேர் முன்னால் என்னை ‘இவங்க’ என்றது எனக்குக் கூச்சமாக இருந்தது. சின்னவர் கைகூப்பினார். கையில் பொரிப் பொட்டலம் இருந்ததால் நான் பாதிதான் கூப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் செல்லையா வந்தார். நாற்பது வயது இருக்கும், என்னைப் பார்த்ததும் நெளிந்தார். “அண்ணே, கரண்ட் இல்லைன்னா கரண்ட் இல்லைன்னுதானே எழுத முடியும்?” என்றார்.

“நீ எழுதுனதாலதான்டா என் பேரு பெயின்ட்ல இருக்கு. எழுது, இன்னும் எழுது” என்றார் இவர்.

“எனக்கும் அதைக் கத்துக்கணும்ணே. அந்த லூப்பு லூப்புங்குறீங்களே, அது என்னது?” என்று இவரிடம் தொடங்கி, பிறகு என்னைப் பார்த்து, “மேடம், நீங்கதான் சொல்லணும்” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பூஜையில் வைத்த லேப்டாப்பை இன்று தொடக்கூடாது. கோலப்பொடிக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து தரையில் வரிசையாகக் கட்டங்கள் போட்டார்.

“இதெல்லாம் மெஷினு. நூல் சுத்துற பாபினை மாத்துற பொண்ணு முதல் மெஷினுக்குப் போறா. நெறஞ்ச பாபினை எடுக்குறா, காலி பாபினை மாட்டுறா, அடுத்த மெஷினுக்குப் போறா. கடைசி மெஷின் வந்ததும் நின்னுக்குறா. நீ அவகிட்ட ஒவ்வொரு மெஷினுக்கும் போயி எடு, மாட்டுன்னு சொல்லிக்கிட்டே இருப்பியா?”

“சொன்னா என்னையத் திட்டும்.”

“ஒரு தடவை சொல்லிட்டா வரிசை முழுக்க பாத்துக்குவால்ல? அவ்வளவுதான் லூப்பு.”

செல்லையா அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “அட, இம்புட்டுத்தானா?” என்றார்.

நான் இத்தனை நாளாக லூப்பை மணி அடிக்கும் கடிகாரம், மாலை கட்டும் பூ என்று என்னென்னவோ சொல்லிப் புரியவைக்கப் பார்த்திருக்கிறேன். யாரும் ‘இம்புட்டுத்தானா’ என்று கேட்டதில்லை.

நாளை மாலை குழுவில் லூப் பற்றிக் கேள்வி வந்தால் இந்த மில்லை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். முடிவில், ‘இது தனபாலன் சொன்னது’ என்று அவர் பெயரோடு எழுதுவேன். எழுதலாமா என்று பஸ்ஸில் வரும்போது அவரிடமே கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “இனிஷியல் போடு, எஸ். தனபாலன்னு போடு” என்றார்.